மூன்று பயணம், பன்னிரண்டு டயர்: ஒரு ஸ்விஃப்ட் காரின் நிகழ்வு ஆய்வு

அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பழைய டயர் கிடக்கிறது. அதில் துளசி வைக்கலாமே என்று என் மாமியார் இரண்டு முறை கேட்டுவிட்டார். கொடுக்க மனம் வரவில்லை. அளவு 185/65 ஆர்15; அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். அதன் வெளி ஓரத்தில் பட்டன்கள் என்னும் ரப்பர்க் கட்டிகள் எலி கடித்தது போலத் துண்டு துண்டாகப் பெயர்ந்திருக்கும். உள் ஓரத்தைத் தடவினால் இன்னும் 20,000 கிலோமீட்டர் தாராளமாக ஓடும் என்று தோன்றும். ஒரே டயருக்கு இரண்டு வயது. காரின் இடது முன்பக்கத்தில் ஓடியது அது.

கார் என் மைத்துனனுடையது. 2021 மாடல் மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல், சுமார் 90 குதிரைத்திறன், எடை 900 கிலோவுக்குச் சற்று முன்பின். வாரத்தில் ஐந்து நாளும் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஊர்ந்து போய் ஊர்ந்து வரும் கார். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் அதற்கு வேறு பிறவி. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்யும் நாட்கள் உண்டு. போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. 'டிராக் டே' என்பார்கள். பெங்களூரில் கார்ட் வண்டி ஓட்டும் சிறு தடங்கள் இருக்கின்றன. முழு அளவுத் தடம் இல்லை. அதனால் இங்கிருப்பவர்கள் சென்னைக்கோ கோவைக்கோதான் போக வேண்டும்.

நான் பீன்யாவில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அழுத்தமானிகள்தான் என் பிழைப்பு. வேகமாகக் கார் ஓட்ட எனக்கு வராது, ஆசையும் இல்லை. மூன்று பயணங்களிலும் நான் செய்தது ஒன்றுதான்: தடத்தின் ஓரத்தில் குந்தி, டயர்களை அளந்து நோட்டில் எழுதினேன். கீழே உள்ள எண்கள் அந்த நோட்டிலிருந்து வருபவை. ஒரே கார், ஒரே ஓட்டுநர், மூன்று நாள். இதை வைத்து எல்லாக் கார்களுக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும்.

முதல் பயணம், பிப்ரவரி 2024

காரோடு வந்த ரகத்தைச் சேர்ந்த சாதாரணக் குடும்பக் கார் டயர்கள். பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்னும் தேய்மான எண் 440 என்று பொறித்திருந்தது. 31,000 கிலோமீட்டர் ஓடி, பட்டன் ஆழம் 5.5 மில்லிமீட்டர் மிச்சம். இன்னொரு சேதியையும் சொல்லிவிட வேண்டும். கார் வாங்கிய மாதமே மைத்துனன் 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் உள்ள அலாய் ரிம்களைப் போட்டிருந்தான். வெறும் பகட்டு என்று அன்று திட்டினேன். பின்னால் அந்தப் பகட்டு ஒன்றுதான் உதவியது.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். 1990 முதல் இயங்குகிறது. அதற்கு முன் சென்னைக்காரர்கள் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்டார்கள். மைத்துனனுக்கு அன்றுதான் முதல் அனுபவம். 20 நிமிடம் வீதம் நான்கு முறை இறங்கினான். மொத்தம் 26 சுற்று, 96 கிலோமீட்டர். சிறந்த சுற்று 2 நிமிடம் 31 நொடி.

முதல் மூன்று சுற்று நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் கேட்கவில்லை, மூக்கு நேராகவே போகிறது என்றான். "மாமா, வெண்ணெய் மேல் ஓட்டுவது போல் இருக்கிறது." உள்ளே வந்து நின்றவுடன் காற்றழுத்தம் பார்த்தேன். காலையில் 32 பிஎஸ்ஐ வைத்துத்தான் அனுப்பியிருந்தேன். இடது முன் டயரில் 40 காட்டியது. ரப்பருக்குள் ஊசி இறக்கி வெப்பம் அளந்தேன்: வெளி ஓரம் 104 டிகிரி, நடு 97, உள் ஓரம் 79.

அந்த மூன்று எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். அன்று எனக்கு அது தெரியவில்லை. மைத்துனனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: "டயர் மட்டம். மாற்ற வேண்டும்." நான்காவது முறை இறங்கிவிட்டு வந்தபோது பட்டன்களின் விளிம்பு பெயரத் தொடங்கியிருந்தது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள், அல்சூர்ச் சந்தைக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் காரைக் கொண்டுபோனோம். ஆரணிப் பக்கத்துக்காரர், நாற்பது ஆண்டுகளாக டயரைத் தொட்டு வாழ்பவர். கருவி எதுவும் எடுக்கவில்லை. உள்ளங்கையை டயரின் உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை இழுத்தார். "தம்பி, இந்த வண்டி நிமிர்ந்து நிற்கிறது. திரும்பும்போது ஒற்றைக் காலில் நொண்டுகிறது. செருப்பு ஒரு பக்கம்தான் தேயும்" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்துவிட்டோம். கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம் பற்றி அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்கள் எங்களுக்கு விளங்க ஒரு வருடம் ஆயிற்று.

இரண்டாம் பயணம், செப்டம்பர் 2024

அலுவலக நண்பர் ஒருவரிடம் செமி-ஸ்லிக் டயர்கள் ஒரு செட் ரிம்மோடு இருந்தன. இரவல் கொடுத்தார். செமி-ஸ்லிக் என்றால் சாலையில் ஓட்ட அனுமதி உண்டு, மனம் முழுக்கப் பந்தயத் தடத்தில். பள்ளங்கள் குறைவு, ரப்பர் மென்மை, பக்கச்சுவர் விறைப்பு.

இந்த இடத்தில் ட்ரெட்வேர் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். டயர் வாங்கப் போகிறவர்கள் அதை மார்க் ஷீட் போலப் படிக்கிறார்கள். அது அமெரிக்க முறையில் வரும் தேய்மான மதிப்பு. ஒரு ஒப்பீட்டு டயருக்கு 100 என்று வைத்துக்கொண்டு, அதைவிட எத்தனை மடங்கு தாங்கும் என்று சொல்வது. 200 என்றால் இரண்டு மடங்கு. எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம் என்பது பொதுவான கணக்கு. டோயோவின் ஆர்888ஆர் 100, யோகோஹாமாவின் ஏ052 200, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300 என்று போகும். ஆனால் இந்த மதிப்பைப் போடுவது தயாரிப்பாளரே. அமெரிக்காவில் பல அமெச்சூர்ப் போட்டிப் பிரிவுகள் '200க்குக் குறையக் கூடாது' என்று விதி வைத்தன. உடனே பந்தய ரப்பர் போலப் பிடிக்கும் டயர்களும் 200 என்ற முத்திரையோடு வந்துவிட்டன. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிடப் போனால் ஏமாறலாம்.

இரவல் டயர்களின் அளவு 195/50 ஆர்15. காகிதத்தில் கணக்குப் போட்டேன். பழைய 185/65 டயரின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர், இதற்கு 576. ஏழு சதவீதம் சிறிது. கார் தரையை நோக்கி 22 மில்லிமீட்டர் இறங்கிவிடும். வேகமானி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். பாரக் குறியீடு 88இலிருந்து 82ஆகிறது. அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோவிலிருந்து 475 கிலோ. இரண்டு பேர் மட்டும் போகும் ஸ்விஃப்டுக்கு அது போதும், குடும்பத்தோடு திருப்பதி போவதற்குச் சரிப்படாது. 22 மில்லிமீட்டர் என்பது எண்ணாகப் பார்த்தால் சின்னது. எங்கள் தெருவின் வேகத்தடையில் காரின் வயிறு உரசியபோது தெரிந்தது அதன் கனம்.

நான்கு சக்கரங்களையும் டிக்கியிலும் பின்சீட்டிலும் ஏற்றிக்கொண்டு போய், தடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். மைத்துனன் சோம்பல்பட்டான். வீட்டிலேயே மாற்றி, அதிலேயே 300 கிலோமீட்டர் ஓட்டிப் போனோம். ஓசூர் தாண்டுவதற்குள் காதில் வண்டு குடைவது போன்ற இரைச்சல்.

தடத்தில் என்னவோ அற்புதம்தான். சிறந்த சுற்று 2 நிமிடம் 25 நொடி. ஆறு நொடி முன்னேற்றம். மைத்துனன் ஹெல்மெட்டைக் கழற்றும்போது முகம் பல்பு போல எரிந்தது. ஆனால் நோட்டில் வேறு இரண்டு விஷயங்களும் இருக்கின்றன.

ஒன்று, மூன்றாவது முறை இறங்கியபோது அவன் தடத்தைவிட்டு வெளியே போய் மண்ணில் நின்றான். அடி இல்லை. ஏன் என்று பிறகு நிதானமாகப் பேசினோம். சாதாரண டயர் பிடியை விடும் முன் கதறும். கீச்சென்ற அந்தச் சத்தமே எச்சரிக்கை. பிடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நழுவும், காலை எடுக்க நேரம் கிடைக்கும். இந்த டயர்கள் கடைசி வரை மௌனம் காத்து, பிறகு மொத்தமாகக் கைவிட்டன. பழகியவருக்கு அது பிரச்சினை இல்லை. இரண்டாவது முறை தடத்தில் இறங்குகிறவனுக்கு, எச்சரிக்கை கொடுக்காத ஆசிரியர் நல்ல ஆசிரியர் ஆக முடியாது.

இரண்டு, டயர்களுக்கு வயதாகியிருந்தது. பக்கச்சுவரில் தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் ஆண்டும்: 2221, அதாவது 2021இன் 22ஆம் வாரம். மென்மையான ரப்பர் ஒவ்வொரு முறை கொதித்து ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். முதல் சுற்றில் குளிர்ந்த டயர் வழுக்கியது, மூன்று சுற்று நன்றாகப் பிடித்தது, பிறகு மீண்டும் சரிந்தது. இடது முன் டயரின் வெளி ஓரம் இதிலும் தேய்ந்துபோய், ஓர் இடத்தில் உள்ளிருக்கும் நூல் இழை எட்டிப் பார்த்தது. இரவல் கொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை.

அந்த ஒத்திகை ஆம்பூரோடு நின்றது. மாலை ஆறரை மணி, ஆம்பூர் தாண்டி இடியோடு மழை. மணிக்கு 80 வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஸ்டியரிங் திடீரென்று கனம் இழந்து காற்றில் சுழல்வது போல ஆயிற்று. டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர்ப் படலம். பள்ளம் குறைந்த, தேய்ந்த டயரால் அந்தத் தண்ணீரை வாரி வெளியே தள்ள முடியாது. இரண்டு நொடி இருக்கும். பக்கத்தில் லாரி. மைத்துனன் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். அது சமயோசிதமா பயத்தில் உறைந்ததா என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாணியம்பாடி வரை 40இல் உருட்டிப் போய், தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அந்தத் தேநீர்க் கடையில் பில்லின் பின்புறத்தில் ஒரு கணக்குப் போட்டேன். போகவர 610 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. தடத்தில் 96. மொத்தப் பயணத்தில் ஏழில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காக டயர் வாங்கி, மீதி ஆறு பங்கையும் கடவுளிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

காப்பீடு பற்றியும் அங்கேதான் பேச்சு வந்தது. நம் ஊர் மோட்டார் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது என்று பொதுவாகவே எழுதியிருக்கும். தடத்தில் இடித்தால் நம் கைக்காசு. நெடுஞ்சாலையில், தேய்ந்த டயரோடு இடித்தால் என்ன கேள்வி வரும் என்பதை யோசிக்கவே வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது.

காற்று

இந்தப் பகுதிதான் என் சொந்தத் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

இரண்டாம் பயணத்துக்கும் மூன்றாம் பயணத்துக்கும் இடையே முதல் நாளின் எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெளி ஓரம் 104, நடு 97, உள் ஓரம் 79. இரு ஓரங்களின் சராசரி 91.5. நடுப்பகுதி அதைவிடச் சூடு. அப்படியென்றால் காற்று அதிகமாகி டயர் நடுவில் உப்பியிருக்கிறது. நடுப்பகுதியே அதிகச் சுமையை வாங்கிக்கொண்டு வெந்திருக்கிறது. வெளி ஓரத்துக்கும் உள் ஓரத்துக்கும் 25 டிகிரி வித்தியாசம். திருப்பத்தில் கார் சாயும்போது சக்கரமும் வெளிப்பக்கம் சாய்ந்து ஓரத்தில் நிற்கிறது. பெரியவர் சொன்ன நொண்டல் இதுதான். ஆக, 'மட்டமான' டயரின் பேரில் சுமத்திய குற்றங்களில் ஒன்று காற்றுடையது, ஒன்று சக்கரக் கோணத்துடையது.

காலையில் 32 வைத்தது ஏன் 40 ஆயிற்று? மூடிய பாத்திரத்தில் காற்று சூடானால் அழுத்தம் ஏறும். கார் டயரில் ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரிக்கும் 1 பிஎஸ்ஐ. காலை 26 டிகிரியில் இருந்த உள்காற்று 75 டிகிரிக்குப் போனால் 8 பிஎஸ்ஐ ஏறுவது இயற்கை. அதனால் தடத்துக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது சூட்டில் என்ன அழுத்தம் என்பதை. இந்தக் காருக்கு 36 நன்றாக இருக்கும் என்று முடிவு செய்து பின்னோக்கிக் கணக்கிட்டால், குளிர்ந்த நிலையில் 29 வைக்க வேண்டும்.

நைட்ரஜன் நிரப்பினால் ஏறாது என்று காசு வாங்குகிறார்களே என்று மைத்துனன் கேட்டான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். வேறுபாடு எங்கே வருகிறது என்றால், ஈரம் கலந்த காற்றில். கம்ப்ரசரிலிருந்து தண்ணீர் ஆவியும் சேர்ந்து உள்ளே போனால் சூட்டில் அழுத்தம் இன்னும் கொஞ்சம் தாறுமாறாக ஏறும். உலர்ந்த காற்று கிடைத்தால் அதுவே போதும்.

இன்னொரு வேடிக்கை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே வளிமண்டல அழுத்தம் சுமார் 13.2 பிஎஸ்ஐ, இருங்காட்டுக்கோட்டையில் 14.7. டயர் மானி காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆகவே இங்கே 32 அடித்த டயரை, வெப்பம் மாறாமல் மலையிறக்கிக் கொண்டுபோனால், அங்கே 30.5 காட்டும், ஒரு மூச்சுக் காற்றுகூட வெளியேறியிருக்காது. ஆனால் இங்கே அதிகாலை 20 டிகிரி, அங்கே காலை ஒன்பதுக்கு 30 டிகிரி. அந்தப் பத்து டிகிரி, இறங்கிய ஒன்றரையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். மானி மறுபடி 32 காட்டும். நான் இதைக் கண்டுபிடித்தபோது வீட்டில் யாரும் கை தட்டவில்லை. என்றாலும் பெங்களூரிலிருந்து போகிறவர்களுக்கு இது சொல்வது நேரான விஷயம்: இங்கே வைத்த அழுத்தத்தை நம்பித் தடத்தில் இறங்கக் கூடாது. அங்கே போய், டயர் ஆறிய பிறகு, நிழலில் வைத்து அளக்க வேண்டும்.

எதனால் அளப்பது என்பதும் கேள்வி. போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பார்த்தோம். அங்கிருந்த மானியை என் மானியோடு ஒப்பிட்டேன்; 3 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டியது. அதை நம்பி 32 அடித்தால் உண்மையில் 35. சூட்டில் 43 வரை போயிருக்கும். நல்ல மானி ஒன்று, நான்கு டயர்களின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. டயருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

தேர்வு

2025 ஜனவரியில் டயர் வாங்க ஜே.சி. சாலையில் இறங்கினோம். மைத்துனன் இன்னும் செமி-ஸ்லிக் மயக்கத்தில்தான் இருந்தான். புதிதாக வாங்க நான்குக்கும் 58,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதோடு இங்கே விற்கும் கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். பெரிய கார்களுக்கான அளவுகள் எப்படியோ வந்துவிடுகின்றன. 15 அங்குலத்தில் பந்தய ரப்பர் தேடுகிறவன் காத்திருக்க வேண்டியதுதான். இதில் ஒரு நகைப்பு உண்டு: இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அரக்கோணம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் டயர்த் தொழிற்சாலை.

நான் கேட்டது வேறு ரகம். நல்ல பிடிப்புள்ள சாலை டயர். மழையில் தண்ணீரை வாரித் தள்ளும் பள்ளங்கள். பக்கச்சுவர் கொஞ்சம் விறைப்பு. வேகக் குறியீடு மணிக்கு 240 கிலோமீட்டருக்கான வி. ஸ்விஃப்ட் 240 ஓடாது என்று கடைக்காரர் சிரித்தார். வேகக் குறியீடு வெறும் வேகத்துக்கு மட்டும் இல்லை, சூட்டைத் தாங்கும் கட்டுமானத்துக்கும் அது ஒரு சாட்சி. அளவு 195/60 ஆர்15. மொத்த விட்டம் 615 மில்லிமீட்டர், பழையதைவிட ஒரு சதவீதமே குறைவு. பாரக் குறியீடு அதே 88. ஆனால் இந்த அளவுக்கு ரிம் அகலம் ஐந்தரை அங்குலமாவது வேண்டும். மைத்துனனின் பகட்டு ரிம் ஆறு அங்குலம். இதைவிட அகலமாகப் போகலாமே என்றான். குறுகிய ரிம்மில் அகல டயரைப் பிடித்து மாட்டினால் பக்கச்சுவர் பலூன் போல வெளியே பிதுங்கும். திருப்பத்தில் கார் ஒரு பக்கம், டயர் ஒரு பக்கம் என்று ஆடும். அகலம் கூடியும் பயன் இருக்காது.

கடையில் ஒரு மனக்கசப்பும் நடந்தது. நான்கு டயர், 28,800 ரூபாய் என்று பேசி, பணமும் கொடுத்தாயிற்று. மாட்டுவதற்கு முன் குறிகளைப் படித்தேன். இரண்டில் 3824. மற்ற இரண்டில் 0921. ஒரே காரில் ஓடப் போகிற டயர்களுக்குள் மூன்றரை ஆண்டு வயது வித்தியாசம். "எல்லாம் புது ஸ்டாக்தான் சார், ஷெட்டிலேயே இருந்தது" என்றார்கள். ஷெட்டில் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும். அரை மணி நேரம் கன்னடத்திலும் தமிழிலும் வாதாடி, இரண்டு நாள் கழித்து நான்கும் ஒரே ஆண்டுக் குறியோடு வாங்கினோம். டயர் கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து படிக்க வெட்கப்படக் கூடாது.

சக்கரக் கோணத்துக்கு வருவோம். அலைன்மென்ட் எந்திரத்தில் முன் இடது கேம்பர் மைனஸ் 0.4 டிகிரி, வலது மைனஸ் 0.6. கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது. ஸ்விஃப்டின் முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட் என்ற தூண் இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒன்றைக் கழற்றி, மையம் விலகிய கேம்பர் போல்ட்டைப் போட்டால், சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்க்கலாம். இரண்டு பக்கமும் மைனஸ் 1.6 வைத்தோம். கேம்பரை மாற்றினால் டோ கோணமும் (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) கலைந்துவிடும். அதையும் உடனே திருத்தாவிட்டால் நெடுஞ்சாலையிலேயே உள் ஓரம் தேய்ந்துவிடும். போல்ட், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய்.

புது டயரை நேரே தடத்துக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் 900 கிலோமீட்டர் ஊரில் ஓட்டினோம். புது டயரின் உயரமான பட்டன்கள் திருப்பத்தில் வேரோடு வளையும். அந்த நெளிவிலேயே சூடு பிறந்து துண்டு துண்டாகப் பெயரும். கொஞ்சம் தேய்ந்த டயர், உலர்ந்த தடத்தில் புதியதைவிட நல்லது.

மூன்றாம் பயணம், பிப்ரவரி 2025

சிறந்த சுற்று 2 நிமிடம் 27.4 நொடி. முதல் பயணத்தைவிட மூன்றரை நொடி முன்னே, செமி-ஸ்லிக்கைவிட இரண்டரை நொடி பின்னே. ஆனால் இதற்குள் ஓட்டுநரும் தேறியிருப்பான் அல்லவா? முன்னேற்றம் யாருடையது, டயருடையதா அவனுடையதா? இந்தச் சந்தேகம் எனக்கு முன்பே இருந்ததால் அன்று ஒரு சோதனை வைத்தேன். டயர் அதே, ஆள் அதே, நாள் அதே. காற்றை மட்டும் மாற்றுவது. அவனிடம் எண்ணைச் சொல்லவில்லை.

இரண்டாவது இறக்கத்தில் குளிர்ந்த நிலையில் 29. சுற்றுகள்: 2:28.1, 2:27.6, 2:27.4, 2:27.5, 2:27.9. உள்ளே வந்ததும் சூட்டில் 36.

மதியம் ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, 33 வைத்து அனுப்பினேன். 2:28.0, 2:28.3, 2:29.4, 2:30.2, 2:30.6. சூட்டில் 41. "மாமா, மறுபடி வெண்ணெய்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

வெயில் ஏறியதால் வந்த வித்தியாசமாகவும் இருக்கலாம் என்று, நான்காவது இறக்கத்துக்கு மீண்டும் ஆறவிட்டு 29க்குத் திரும்பினேன். 2:27.8, 2:27.7, 2:28.0, 2:27.9. வெயில் குறையவில்லை, நேரம் மட்டும் திரும்பிவிட்டது. நான்கு பிஎஸ்ஐ காற்று, ஐந்தாவது சுற்றில் கிட்டத்தட்ட மூன்று நொடி. டயர் மாற்றி வாங்கிய முன்னேற்றத்தில் பெரும்பகுதியை ஒரு தவறான காற்றால் தின்றுவிடலாம்.

வெப்ப அளவு: வெளி ஓரம் 93, நடு 88, உள் ஓரம் 84. பக்கச்சுவரின் மேல் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பியிருந்தேன். ஓரத்து முக்கோணக் குறி வரைக்கும்தான் அழிந்திருந்தது. டயர் அதைத் தாண்டிப் புரளவில்லை என்று பொருள். பட்டன் விளிம்பு எதுவும் பெயரவில்லை. இடது முன் டயர் அன்று ஒரு நாளில் இழந்தது 0.9 மில்லிமீட்டர், 7.6இலிருந்து 6.7.

இந்த வேகத்தில் போனால் மழைக்குப் பாதுகாப்பான 3 மில்லிமீட்டரைத் தொட இன்னும் நான்கு நாள் தடத்தில் ஓடலாம். 28,800 ரூபாயை ஐந்தால் வகுத்தால் ஒரு நாளுக்கு 5,760. முன்னும் பின்னும் இடம் மாற்றினால் இன்னும் குறையும். முன்சக்கர இழுவைக் காரில் பின் டயர்கள் சும்மா உட்கார்ந்து பயணம் செய்கின்றன.

திரும்பும் முன் ஒரு வேலை பாக்கி. பகல் வெயிலில் 29க்கு இறக்கி வைத்த டயர்கள் ஆறியதும் 29க்குக் கீழே வந்துவிடும். அதே காற்றோடு நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் 100இல் ஓட்டினால் பக்கச்சுவர் நெளிந்து நெளிந்து உள்ளேயே வெந்துவிடும். தடத்தில் பார்த்துப் பார்த்துக் காற்றை இறக்குகிறவர்கள் வாசலில் மறந்துவிட்டுப் போவதை அன்று மட்டும் இரண்டு கார்களில் பார்த்தேன். நாங்கள் 32 நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். ராணிப்பேட்டையில் தூறல். ஆம்பூரில் நல்ல மழை. கார் தன் பாட்டுக்குப் போனது; மைத்துனன் பிரியாணி வாங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

செமி-ஸ்லிக் வேண்டவே வேண்டாமா என்று அவன் கேட்கிறான். வேண்டும், அவன் இந்த ரக டயரில் பத்து நாளாவது ஓட்டி, ஒரு இறக்கத்தின் எல்லாச் சுற்றுகளையும் அரை நொடிக்குள் போடப் பழகிய பிறகு. அதுவும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டுவதாக இருந்தால். போன வாரம் 16 அங்குல ரிம்களின் படங்களை அனுப்பியிருந்தான். 195/55 ஆர்16இன் விட்டம் பழைய டயருக்குச் சரியாகப் பொருந்துகிறது. ரிம் எடை எவ்வளவு என்று கேட்டு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.